இரண்டு எஞ்சின், பத்தொன்பது இருக்கை: நம் பக்கம் வந்துபோன சின்ன விமானங்கள்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து நம் குடியிருப்பின் மாலைப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "இவ்வளவு பேர் வரப்போறாங்க, நம்ம பக்கம் ஃப்ளைட் வருமா சார்?"

வந்திருக்கிறது என்பதுதான் பதில். வல்லத்திலிருந்து காரில் போய்வரக்கூடிய புதுச்சேரிக்கும் நெய்வேலிக்கும் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் பறந்தது. இன்று மொட்டை மாடியிலிருந்து நாம் பார்க்கும் பெரிய ஜெட் அல்ல. இரண்டு எஞ்சினும் பத்தொன்பது இருக்கையும் கொண்ட சின்ன விமானம். அதை ஓட்டியவர்கள் எப்படி ஓட்டினார்கள், அது ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டால், மறுபடி வருமா என்ற கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

டகோட்டா காலம்

கதை டகோட்டாவில் தொடங்குகிறது. டிசி-3 என்ற இந்த அமெரிக்க விமானம் முதலில் பறந்தது 1935 டிசம்பரில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய டகோட்டாக்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கி இந்தியாவில் பல புதிய விமான நிறுவனங்கள் கிளம்பின. ஏர் சிலோன் தன் முதல் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று டகோட்டாவில்தான் தொடங்கியது. கொழும்பு ரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை வந்தது அந்த விமானம்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். செஞ்சிக்கு 25, 30 கி.மீ. கிழக்கே அது போகும். வானம் தெளிவாக இருந்தால் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் விமானியின் வலப்பக்கம் தெரியும் தூரம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கால விமானிக்குக் கீழே தெரிவதெல்லாம் வழிகாட்டி. ஜி.பி.எஸ். கிடையாது. ரயில் பாதை, ஆறு, ஏரி, தனியாக நிற்கும் குன்று இவற்றைப் பார்த்துத்தான் பறக்க வேண்டும். "வழி தெரியவில்லையா, தண்டவாளத்தைப் பிடித்துப் போ" என்பது விமானிகளிடையே பழைய வேடிக்கைப் பேச்சு. விழுப்புரம் போல நாலைந்து பாதை பிரியும் ஜங்ஷன் என்றால், தவறான தண்டவாளத்தைப் பிடித்துவிடாமல் கவனமாகவும் இருக்க வேண்டும்.

இரவில் அதுவும் தெரியாது. ஆனாலும் 1949 ஜனவரி 30 முதல் இரவு அஞ்சல் விமானங்கள் ஓடின. சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி நான்கிலிருந்தும் டகோட்டாக்கள் கிளம்பி நள்ளிரவில் நாக்பூரில் கூடும். அங்கே தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். நம் தாத்தா பாட்டிக்கு டெல்லியிலிருந்து கடிதம் சீக்கிரம் வந்ததென்றால், அதற்குப் பின்னால் தூக்கம் கெட்ட ஒரு விமானி இருந்தார். அந்த வேலையின் ஆபத்தும் சின்னதல்ல. 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரில் கிளம்பிய ஒரு டகோட்டா சிறிது நேரத்திலேயே விழுந்தது. இருந்த 14 பேரில் பிழைத்தவர் விமானி ஒருவர் மட்டும்.

டகோட்டாவை எந்த எல்லைவரை கொண்டுபோக முடியும் என்று காட்டியவர் விமானப்படையின் மெஹர் சிங். 1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மய்யாவை உடன் அழைத்துக்கொண்டு, இமயத்தைத் தாண்டி லே நகரில் முதல் விமானத்தை இறக்கினார். சிந்து நதிக் கரையில் அவசரமாகப் போட்ட மண் ஓடுபாதை அது. கடல் மட்டத்திலிருந்து 10,500 அடிக்கும் மேல். டகோட்டாவின் உட்புறம் காற்றழுத்தம் கட்டிய அறை அல்ல. இறக்கையில் பனி படிந்தால் உருக்க அதில் வசதி இல்லை. அப்படிப் பறந்த தலைமுறையின் நினைவு இன்னும் முழுதாக அழியவில்லை. பிரிட்டனில் வாங்கிப் புதுப்பித்த ஒரு டகோட்டாவை, டகோட்டா விமானியாக இருந்த ஒருவரின் மகன் 2018-ல் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அது மறுபடி பறக்கவும் செய்தது.

வாயுதூத் வந்த கதை

சின்ன ஊர்களுக்கென்றே தொடங்கிய நிறுவனம் வாயுதூத். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 1981 ஜனவரி 26 அன்று வடகிழக்கு மாநிலங்களில் சேவையைத் தொடங்கியது. 1980களின் நடுவில் அதற்கு டோர்னியர் 228 வந்தது. ஜெர்மன் வடிவமைப்பு, உரிமம் பெற்று ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தன் கான்பூர் ஆலையிலும் தயாரித்தது. நெய்வேலி, தஞ்சாவூர், புதுச்சேரிக்கு வந்தது இந்த விமானம்தான். 1988-ல் லட்சத்தீவின் அகத்திக்கும் இதுவே போனது. அங்கே ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர். இரண்டு முனையிலும் கடல்.

பெரிய ஜெட்டில் கணினி செய்யும் பாதி வேலையை இதில் விமானி தன் கையாலும் காலாலும் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட விமானங்களை ஓட்டியவர்கள் எந்த நாட்டவரானாலும் அவர்கள் நினைவில் திரும்பத் திரும்ப வருபவை சில உண்டு. முதலாவது எடை. பயணியையும் பெட்டியையும் எடை போட்டு, "நீங்கள் பின்னால் உட்காருங்கள், நீங்கள் முன்னால் வாருங்கள்" என்று இடம் மாற்றுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எடை ஒரு பக்கம் கூடினால் விமானம் மூக்கைத் தூக்கும் அல்லது குத்தும். இரண்டாவது ஓடுபாதை. மாடோ நாயோ குறுக்கே நின்றால் ஒருமுறை தாழப் பறந்து விரட்டிவிட்டு, சுற்றி வந்து இறங்க வேண்டும். மூன்றாவது சத்தம். இரண்டு புரொப்பெல்லரும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் "ஊம்... ஊம்..." என்று விட்டுவிட்டு ஒரு முழக்கம் வரும். பழகிய விமானி மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துச் சரிசெய்வார்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இரண்டாவது எஞ்சின். "ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறதே" என்று நாம் நினைப்போம். அது அவ்வளவு எளிதல்ல. ஓடும் எஞ்சின் ஒரு பக்க இறக்கையைத் தள்ளுவதால் விமானம் நின்றுபோன பக்கமாகத் திரும்பும். அதைத் தடுக்க விமானி எதிர்ப்பக்கக் காலால் சுக்கானை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ, அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றிருக்கிறது. பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிடாமல் இருக்க விமானிகளுக்குச் சொல்லித்தரும் பாடம் இது. வானில் உயரத்தில் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். தரையை விட்டு எழும்பும் நேரத்தில் சில நொடிகள்தான் உண்டு.

வாயுதூத்துக்கும் துயரங்கள் நேர்ந்தன. 1988 அக்டோபர் 19 அன்று கவுகாத்தி அருகே அதன் ஃபோக்கர் விமானம் விழுந்து 34 பேர் இறந்தார்கள். 1989 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் இந்தாபூர் அருகே ஒரு டோர்னியர் விழுந்து 11 பேர் இறந்தார்கள்.

ஏன் நின்றது?

விபத்துகளைவிட அதை நிறுத்தியது கணக்கு. பத்தொன்பது இருக்கைதான், ஆனால் இரண்டு விமானி, பராமரிப்புப் பொறியாளர்கள், ஒவ்வொரு ஊரிலும் நிலைய ஊழியர்கள், எரிபொருள் எல்லாம் வேண்டும். பாதி இருக்கை காலியானாலும் செலவு குறையாது. சென்னையிலிருந்து நெய்வேலி சாலையில் ஏறத்தாழ 200 கி.மீ. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய், காத்திருந்து, பறந்து, இறங்கி, மறுபடி வண்டி பிடிக்கும் நேரத்தில் பேருந்தே ஊர் சேர்ந்துவிடும். வேறு வழியில்லாத அகத்திக்கும் அருணாசலத்துக்கும் சின்ன விமானம் உயிர்நாடி. நமக்கு அது வசதி மட்டும்தான். நஷ்டம் ஏற ஏற, 1990களில் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்தது.

இப்போது உடான் திட்டப் பட்டியலில் நெய்வேலியின் பெயர் இருக்கிறது. புதுச்சேரிக்கு விமானம் வருவதும் நிற்பதும் மறுபடி வருவதுமாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் அசாமின் திப்ரூகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு, நம் நாட்டில் தயாரான டோர்னியர் 228 பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. ஆக, விமானமும் இருக்கிறது, ஓடுபாதையும் இருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் பத்தொன்பது பேர் ஏறுவார்கள் என்பதே கேள்வி. கோட்டையைப் பார்க்க வருபவர்கள் அந்த எண்ணிக்கையைத் தருவார்களா என்று அடுத்த முறை பேசும்போது யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நெய்வேலி, புதுச்சேரி சேவைகளில் பறந்த பயணிகளில் பலருக்கு இன்று அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓட்டிய விமானிகளும் ஓய்வு பெற்றிருப்பார்கள். டகோட்டாவில் ஏறியவர்கள் இன்னும் மூத்தவர்கள். அவர்கள் நினைவைத் தமிழில் எழுதிவைத்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டிலோ பக்கத்து பிளாக்கிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். பழைய டிக்கெட், போட்டோ ஏதாவது இருந்தாலும் பரவாயில்லை, சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். அடுத்த காலாண்டு இதழில் அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே போடுவோம்.