ஆறில்லாத பாலம்

டில்லிக்கு முதன்முதலாகப் போகிற தமிழனைப் 'பாலம்' என்ற பெயர் ஏமாற்றிவிடும். நானும் ஏமாந்தவன்தான். "பாலத்தில் வந்து இறங்கு, நான் அங்கேயே நிற்கிறேன்" என்று என் அத்தான் கடிதம் எழுதியிருந்தார். யமுனையின் மேலுள்ள ஏதோ பாலத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆகாய விமானத்தை ஆற்றுப் பாலத்தில் எப்படி இறக்குவார்கள் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

பாலம் என்பது டில்லிக்குத் தென்மேற்கே உள்ள ஒரு பழைய கிராமம். 13-ஆம் நூற்றாண்டில், பால்பன் ஆட்சிக் காலத்தில், அங்கே ஒரு படிக்கிணறு வெட்டியிருக்கிறார்கள். அதன் சமஸ்கிருதக் கல்வெட்டு சரித்திரக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அந்தக் கிராமத்தின் பெயர்தான் தலைநகரின் விமான நிலையத்துக்கு வெகுகாலம் வழங்கியது.

ஆனால் டில்லியின் முதல் விமான நிலையம் பாலம் அல்ல. சப்தர்ஜங் என்ற முகலாய மந்திரியின் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தது. வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1929-இல் லண்டனிலிருந்து கராச்சி வரை வந்த ஆகாயத் தபால், அந்த ஆண்டின் கடைசியில் டில்லி வரை நீண்டது. மனிதர்களைவிடக் கடிதங்களுக்குத்தான் முதலில் அவசரம்! பாலத்தில் நிலையம் பிறந்தது இரண்டாவது உலக யுத்தத்தின்போது. அது ராணுவத்தின் குழந்தை. சப்தர்ஜங்கில் இடம் போதாமல் போய், 1962-இல்தான் பிரயாணிகளின் போக்குவரத்துப் பாலத்துக்கு மாறியது. 1979-80-இல் சுமார் 30 லட்சம் பேர் அதன் வழியாக வந்து போனார்கள். 1986-இல் புதிய சர்வதேசக் கட்டடம் திறந்தபோது நிலையத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வந்தது.

இவ்வளவும் கட்டடங்களின் கதை. இந்த நிலையத்தின் உண்மையான சரித்திரம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதை, சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்து விடியற்காலையில் உணர்ந்தேன். வெளியே மூடுபனி. கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. நாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தோம். கைக்குழந்தை அழுதது. ஒருவர் மேஜைக்காரப் பெண்ணிடம் கத்தினார். "வந்து இறங்குகிற விமானம் இறங்குகிறதே, எங்களுடையது மட்டும் ஏன் கிளம்பக்கூடாது?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன்.

அதற்கு நியாயமான விடை உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இன்றைய கருவிகளின் துணையோடு, தகுந்த பயிற்சி பெற்ற விமானி 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே டில்லியில் இறங்கலாம். கிளம்புவதற்கோ 125 மீட்டராவது தெரியவேண்டும். பயிற்சி இல்லாதவருக்கு இரண்டுமே இல்லை. பொறுத்திருப்பதற்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு விலையும் கொடுத்தாகியிருக்கிறது.

1973-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இரவு, சென்னையிலிருந்து புறப்பட்ட போயிங் விமானம் ஒன்று பாலத்தை நெருங்கியது. வானிலை மோசம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இந்த உயரத்துக்குக் கீழே இறங்காதே என்று ஒரு வரம்பு உண்டு. விமானம் அந்த வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. உயரமின்சாரக் கம்பிகளில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலமும், கம்யூனிஸ்டுத் தலைவர் பாலதண்டாயுதமும் அவர்களில் இருவர். தமிழ்நாட்டு அரசியலில் அந்த இரவு விட்டுப்போன பள்ளத்தை அந்தத் தலைமுறையினர் அறிவார்கள்.

அதைவிடப் பெரிய துக்கம் 1996 நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. அன்று மாலை சவூதி விமானம் ஒன்று டில்லியிலிருந்து கிளம்பியது. அதில் 312 பேர். வளைகுடாவுக்கு வேலை தேடிப் போன ஏழைகள் பலர். கஜகஸ்தான் விமானம் ஒன்று 37 பேருடன் டில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது டில்லி வானத்தின் பெரும் பகுதி விமானப் படையின் வசம். பிரயாணி விமானங்கள் போகவும் வரவும் விட்டிருந்தது ஒரே வழிதான். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போகச் சொல்வது போல, சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று உத்தரவாயிற்று. இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. பேசிய இங்கிலீஷ் அந்த விமானிகளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கீழே இருந்தவரின் ராடாரில் புள்ளிகள் தெரிந்தன; புள்ளிகளின் உயரம் தெரியவில்லை. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே வயல்களில் இரண்டும் விழுந்தன. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோதி விசாரித்தார். உத்தரவை மீறி இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதே என்று அத்துடன் கோப்பைக் கட்டிவிடவில்லை. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். போகிற வழி வேறு, வருகிற வழி வேறு என்று பிரித்தார்கள். உயரத்தைக் காட்டும் ராடார் வேலைசெய்யத் தொடங்கியது. எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி இல்லாத விமானம் இந்திய வானத்தில் பறக்கக்கூடாது என்றும் விதித்தார்கள். ஒரு மனிதன் தவறு செய்தாலும் மற்றவர்கள் சாகக்கூடாது என்பதுதானே ஏற்பாடு? அது அன்றைக்கு முதல் நாளே இருந்திருக்கக்கூடாதா என்று கேட்டால், பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

பிறகு நிலையம் வளர்ந்தது. 2006-இல் நிர்வாகம் தனியார் கூட்டுக்குப் போயிற்று. 2010-இல் மூன்றாவது முனையம் திறந்தது. சுவரில் பிரமாண்டமான கை முத்திரைகள் நம்மை வரவேற்கின்றன. 2023-இல் நாலாவது ஓடுபாதையும் வந்தது. 2023-24-இல் 7 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் வந்து போனார்கள். போகிறவர்கள் முத்திரைகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வானத்தில் போட்ட இரண்டு வழிகளை யார் படம் எடுக்க முடியும்?

அன்று காலை ஒன்பதரை மணிக்குப் பனி விலகியது. கத்தியவர் களைத்துப்போய்த் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பி அழைத்துக்கொண்டு போனேன். மேஜைக்காரப் பெண்ணைத் தாண்டும்போது, ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. "ரொம்ப நேரம் நிற்கிறாயே, அம்மா, காப்பி சாப்பிட்டாயா?" என்று தெரிந்த இந்தியில் கேட்டேன். அவள் சிரித்தாள். அவளுக்கு இன்னும் மூன்று விமானங்கள் பாக்கி இருந்தன.