சுத்தியல் தட்டி எறிந்த மேல்தோல்: திருவண்ணாமலையும் நிலவியல் கல்வியும்

திருவண்ணாமலையைப் பற்றி இணையத்தில் தேடும் நிலவியல் மாணவர் முன் வந்து நிற்பது, இது அணைந்துபோன எரிமலை என்ற செய்தி. அக்கினித் தலம் என்ற ஐதிகத்துக்கு விஞ்ஞான வேடம் கட்டிவிட்ட கதை அது. இவ்வட்டாரத்துச் சார்னோக்கைட், நைஸ் ஆகிய பாறைகள் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அல்ல. நிலத்தின் அடியாழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மேலே கிடந்த சுமை அரித்துப் போன பிறகு வெளியே தெரிந்தவை. புராணத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

இந்த அறிவு நடந்து நடந்து சேர்ந்தது. 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் எச். எஃப். பிளான்ஃபோர்டு, வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் ஆகியோர் தென்னார்க்காடு, திருச்சி, சேலம் ஜில்லாக்களின் பாறைகளை வரைபடமாக்கினர். திருவண்ணாமலை அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்தது.

சார்னோக்கைட்டுக்குப் பெயர் கிடைத்தது என்னவோ ஒரு கல்லறையில். கல்கத்தாவின் புனித ஜான் தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்துப் பாறை. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதை ஆராய்ந்து சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் இவ்வகைப் பாறைகளைப் பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். அவர் கையாண்ட முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது. கல்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அதற்கு மக்கிய கல் உதவாது. உள்ளே இருக்கும் புதுக்கல்தான் வேண்டும்.

களப்பயணத்தின் பழக்கத்தையே இது தீர்மானித்துவிட்டது என்பது என் கருத்து. பரங்கிமலையிலோ பல்லாவரத்திலோ மாணவர் முதலில் கற்பது, பழுப்பேறிய மேல்தோலைச் சுத்தியலால் தட்டி எறிவது. உள்ளே எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் நீலச்சாம்பல் முகம் தெரிந்த பிறகே கைலென்ஸ் கண்ணுக்குப் போகும். நோட்டில் பெயர் ஏறும். அப்படியே செஞ்சிக் குன்றுகள், திருவக்கரைக் கல்மரங்கள் என்று பஸ் போகும். கறுப்பு கிரானைட் என்று விற்கிற டோலரைட்டை வெட்டும் குவாரிக்காரரும் மேல்மண்ணைக் கழிவாகவே ஒதுக்குகிறார். மக்கிய அடுக்கு இருவருக்கும் இடைஞ்சல்.

இணையவழிக் கல்வி இதை ஓரளவு மாற்றியது. 2003இல் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள், 2009இல் இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம், 2017இல் ஸ்வயம் பாடத்தளம் என்று வசதிகள் வந்தன. 2020 பொதுமுடக்கத்தில் பஸ் நின்றபோது பாடம் முழுவதும் திரைக்குப் போனது. செங்கத்தில் இருப்பவர் ஐ.ஐ.டி. பேராசிரியரின் வகுப்பைக் கேட்கலாம். செயற்கைக்கோள் படத்தில் மலைச்சரிவையும் ஓடைகளையும் பார்க்கலாம். சுத்தியல் காட்டாத முழு உருவத்தைத் திரை காட்டியது. ஆனால் திரைக்கு வேறொரு குருடு உண்டு. நிலச்சரிவு அபாய வரைபடங்களுக்கான தேசியத் திட்டம் 2014இல் 1:50,000 அளவில் தொடங்கியது. அந்த அளவில் பத்து மீட்டர் அகல ஓடை 0.2 மி.மீ. கோடாகிவிடும். ஓடைக்கரை மண்ணில் பாதி புதைந்து நிற்கும் உருண்டைக் கல்லுக்கு அதில் இடமே இல்லை.

அந்தக் கல் உருவாகும் விதம் சிக்கலானதல்ல. விரிசல்களில் இறங்கும் நீர், பாறையின் மூலைகளை முதலில் மக்கச் செய்கிறது. தோல் தோலாக உரிந்து, நடுவில் மிஞ்சும் கெட்டிக் கரு சரளை மண்ணில் செருகி நிற்கிறது. மண் உலர்ந்திருக்கும்வரை அசையாது. பெருமழையில் மண்துளைகளில் நீரழுத்தம் ஏறினால் பிடிமானம் போய்விடும்.

2024 டிசம்பர் 1 அன்று நடந்தது இதுதான். ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையின் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். புதுக்கல் எவ்வளவு பழையது, எவ்வளவு உறுதியானது என்ற கணக்கெல்லாம் அன்று பொருட்டாகவில்லை. சரிந்தது நாம் தட்டி எறிந்துவந்த அடுக்கு.

ஐ.ஐ.டி. வல்லுநர்களும் நிலவியலாளர்களும் பிறகு மலையைப் பார்வையிட்டனர். அவர்கள் சரிவில் தேடியது மண்ணின் ஆழம், நீர்க்கசிவு, கற்களின் இருக்கை. நிலவியலாளர்கள் தந்த அறிக்கையின்பேரில், டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்கு வழக்கமாக அனுமதிக்கும் பக்தர்களை அரசு மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் சுமந்து செல்வோர் உட்பட, தீபம் ஏற்றும் பணிக்குத் தேவையானவர்கள் மட்டுமே மேலே போனார்கள்.