விடுமுறையும் ஏழைத் தாயும்

பாடசாலை மணி ஓய்ந்து விடுமுறை தொடங்கும் நாள் பிள்ளைகளுக்குத் திருநாள். ஏழைத் தாய்க்கோ அது கவலையின் தொடக்கம். சாகாமக் குளத்தை அண்டிய வயல்களில் ஓகஸ்ட் மாதம் சிறுபோக அறுவடைக் காலம். கூலிக்குச் செல்லும் தாய் தன் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வாள்? பாடசாலையில் உணவு பெற்று வந்த பிள்ளைக்கு அந்நாட்களில் அதுவும் இல்லை. ஓய்வும் ஒருவகைச் செல்வமே. ஏனைய செல்வங்களைப் போல அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இக்கவலைக்கு விடைதேடிய முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு பெருந்தொழில் வளர்ந்த நகரங்களில் தொடங்குகிறது. நியூயோர்க்கின் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளில் கோடை வெப்பம் கைக்குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. கெட்டுப்போன பாலும் வயிற்றுப்போக்கும் அதற்குக் காரணமாயின. 1870களில் அந்நகரின் அறச்சங்கம் ஒன்று, நோயுற்ற குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும் படகில் ஏற்றிக் குளிர்காற்று வீசும் நீர்ப்பரப்புக்கு அழைத்துச் சென்றது. ‘மிதக்கும் மருத்துவமனை’ என்று அது பெயர் பெற்றது. பால்குடி மாறாத குழந்தையைத் தாயினின்று பிரிக்க இயலாது என்ற எளிய உண்மையே அங்கு தாய்க்கும் இடம் தேடித் தந்தது.

1876இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்ட்டர் பியோன் என்ற பாதிரியார் 68 ஏழைச் சிறுவர் சிறுமியரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வில்லார்ட் பார்சன்ஸ் என்பவர், நகரப் பிள்ளைகளைக் கிராமத்துக் குடும்பங்களில் விருந்தினராகத் தங்கவைத்தார். இவை ஐயமற நல்ல பணிகளே. ஆயினும் இத்திட்டங்களில் பிள்ளை மட்டுமே பயணம் செய்தது. தாய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். சில வாரங்களில் உடல் தேறிய பிள்ளை, காற்றும் வெளிச்சமும் புகாத அதே அறைக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. நோயைத் தந்த வாழ்க்கை மாறாதிருக்க, நோயாளியைச் சிறிது காலம் அகற்றி வைத்தது இத்தகைய கருணை.

தாயைக் கருணைக்குரியவளாக மட்டும் கருதாத வேறொரு பாதையும் உண்டு. கனடாவைச் சேர்ந்த அடிலெய்ட் ஹூட்லஸ் 1889இல் தம் குழந்தையை இழந்தார். தூய்மையற்ற பாலே அதற்குக் காரணம் என்று அவர் நம்பினார். அத்துயரிலிருந்து எழுந்த அவரது உழைப்பு, 1897இல் முதலாவது கிராமியப் பெண்கள் கழகம் உருவாகத் துணைநின்றது. அதே கனடாவிலிருந்து 1896இல் மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரின் மனைவியாக, இந்நாட்டவராகவே வாழ்ந்தவர் டொக்டர் மேரி இரட்னம். அக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு அவர் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கிராமத்துத் தாய்மார் ஒன்றுகூடிக் குழந்தை வளர்ப்பும் சுகாதாரமும் கைத்தொழிலும் வீட்டுத்தோட்டமும் பயின்றனர். கற்ற, வசதிபடைத்த பெண்களே அதன் தலைமையில் பெரிதும் இருந்தனர் என்ற குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் தாயானவள் உதவிபெறக் காத்து நிற்பவளல்லள், கூடிப் பேசிச் செயலாற்ற வல்லவள் என்ற எண்ணத்தை அது விதைத்தது. அடுத்த ஆண்டிலேயே, 1931இல், இந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமையும் பெற்றனர்.

தாய்க்கும் ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் அமைப்பாக உருப்பெற்றதற்கு ஜேர்மனி ஒரு சான்று. போரினால் சிதைந்த அந்நாட்டில், களைத்துப்போன தாய்மாருக்கான ஓய்வில்லங்களை ஒருங்கிணைக்கும் அமைப்பை எல்லி ஹொய்ஸ்-க்னாப் 1950இல் நிறுவினார்.

நமது கரையும் பேரழிவை அறியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் கதறின. அதன்பின் உதவி நிறுவனங்கள் முகாம்களில் சிறுவருக்கு விளையாட்டிடங்கள் அமைத்தன. சித்திரமும் பாட்டும் அச்சம் தெளிய உதவின. ஆனால் வெளியிலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பிய பணி, அப்பணம் நின்றதும் தானும் நின்றுவிடும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ‘கோடை விடுமுறை’ என்ற பெயரையே இரவல் வாங்க வேண்டியதில்லை. நமது விடுமுறைகள் ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் வருகின்றன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தில் வருகின்றது. அறுவடை நாளில் பகல் முழுவதும் பிள்ளையைப் பேணும் இடம் வேண்டும். நோன்பு நாளில் நேரமும் முறையும் வேறாக வேண்டும். எந்த நாள், எந்த நேரம், என்ன பணி என்பதைப் பாய் இழைக்கும் உம்மாவும் கதிர் அறுக்கும் அம்மாவும் ஒன்றாக அமர்ந்து தீர்மானிக்கட்டும். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளின் கதவுகளை அவர்களுக்காகத் திறந்துவைப்பது நமது கடமை. பிள்ளை விளையாடும் அதே முற்றத்தில் தாயும் ஒருபொழுது கவலையின்றி அமர்ந்திருக்கும் நாளே உண்மையான விடுமுறை நாள்.