ஞாயிற்றுக்கிழமை நடையும் ஒரு வழி வழக்கும்



இங்கிலாந்து மக்கள் கோடைக்கும் மாரிக்கும் இடைப்பட்ட திங்கள்களை ஒரு தனிப் பருவமாகக் கொள்வர். அதனை நாம் இலையுதிர் காலம் என்று மொழிபெயர்த்து வழங்குகின்றோம். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் இதற்கு நேரானது ஒன்றில்லை. மாதக் கணக்கிற் பார்த்தாற் கூதிர் அண்மையில் நிற்கும். ஆயினும் கூதிர் வாடையும் மழையும் கொண்டு மனிதரை வீட்டுக்குள் முடங்கச் செய்வது. ஆங்கிலேயரின் இலையுதிர் காலத் தொடக்கமோ அவர்களை வெளியே அழைப்பது. வெயில் தணிந்திருக்கும், புதர்களிற் காட்டுப் பழங்கள் கனிந்திருக்கும், வடபகுதி மேட்டுநிலங்களில் ஹெதர் என்னும் குறுஞ்செடி மைல் கணக்கில் ஊதா நிறமாய்ப் பூத்துக் கிடக்கும்.

இத்தகைய பருவத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாட்டுப்புறத்தே ஆறுதலாக நடந்து வருவதை இன்று ஆங்கிலேயரின் இயல்பான வழக்கம் என்றே பலரும் கருதுவர். அது தானாகக் கிடைத்ததன்று. நடப்பதற்கு ஓய்வும் வேண்டும், வழியும் வேண்டும். ஆலைத் தொழிலாளருக்கு நெடுங்காலம் இவ்விரண்டும் அரிதாகவே இருந்தன.

ஓய்வு முதலில் வந்தது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணியாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்தலாகாது என விதித்தது. ஆடவரைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. ஆயினும் பெண்களும் இளையோரும் இன்றி ஆலை ஓடாதாகையால், பல ஆலைகளில் ஆடவருக்கும் அந்த அரைநாள் வாய்த்தது. ஞாயிறு முன்னரே ஓய்வுநாள். ஒன்றரை நாள் கையில் இருந்தது, போவதற்குத்தான் இடமில்லை.

ஏனெனில், அதற்கு முந்திய நூறாண்டுக் காலத்திற் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்களை இயற்றி, ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியார்க்கு உரிமையாக்கியிருந்தது. பயிர் விளையாத உயர்ந்த மேடுகளும் அவ்வாறே போயின. அம்மேடுகளிற் கிரவுஸ் என்னும் பறவை வாழும். நம் கௌதாரியின் இனத்தை ஒத்தது. செல்வர் அதனைச் சுட்டு வீழ்த்துவதைப் பெருவிளையாட்டாகக் கொண்டனர். வேட்டைக்குச் சட்டம் வகுத்த காலம் ஓகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. நடப்போருக்கு மேடுகள் மிக அழகாயிருக்கும் அந்த நாள்களே வேட்டையாடுவோருக்கும் உகந்த நாள்கள்! பறவை கலையாதிருக்க மனிதர் வராதிருக்க வேண்டும் என்பது நிலவுடைமையாளர் கட்சி. இருசாராரும் மோதிக்கொள்ளாதிருந்தாற்றான் வியப்பு.

லங்காஷயரிலுள்ள போல்ற்றன் நகரில் அம்மோதல் வெடித்தது. 1779இற் சாமுவேல் குறொம்ரன் நூற்பு இயந்திரமொன்றை ஆக்கியளித்த நகரம் அது. நம் சந்தைகளை ஒருகாலத்தில் நிறைத்த லங்காஷயர்த் துணிகளோடு அந்நகரின் பெயரையும் சேர்த்தே எண்ணல் வேண்டும். புகைபோக்கிகளின் நடுவே வாழ்ந்த அம்மக்களுக்கு, வடமேற்கே ஏறக்குறைய 1,500 அடி உயர்ந்து நிற்கும் வின்டர் மலையே நல்ல காற்றுக்கு இடம். சிமிதில்ஸ் மேட்டின் ஊடாக அதற்கு ஒரு வழி சென்றது. அந்நிலத்தின் உடைமையாளர் கேணல் றிச்சட் ஹென்றி எயின்ஸ்வேத். துணி வெளுக்கும் தொழிலாற் செல்வம் பெருக்கிய குடும்பத்தவர். 1896இல் அவர் அவ்வழியைப் படலையிட்டு அடைத்தார்.

ஊரிலிருந்த சமதர்மக் கட்சியினர், ஜோசப் ஷவிள்பொட்டம் முதலானோர், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடந்து செல்ல வருமாறு மக்களை அழைத்தனர். பத்திரிகையாளரான சொலமன் பாட்டிங்ரன் துணை நின்றார். 1896 செப்டெம்பர் 6ஆம் திகதி புறப்பட்டபோது கூட்டம் பெரிதன்று. தெருத்தெருவாய் வரும்போது ஆண்களும் பெண்களும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய 10,000 பேர் ஆயினர். மேட்டின் அடியிற் படலை பூட்டியிருந்தது. வேட்டைக் காவலரும் பொலிஸார் சிலரும் நின்றனர். சிறிது கைகலப்பு நேர்ந்தது, படலை உடைந்தது, கூட்டம் மேலேறி மலையைக் கடந்து பெல்மொன்ற் கிராமத்தில் இறங்கியது. அன்று அவ்வூர்த் தவறணைகளில் மது முற்றாகத் தீர்ந்துபோயிற்று என்றொரு கதை உண்டு. அடுத்த ஞாயிறு, 13ஆம் திகதி, மீண்டும் பெருந்திரள் மலை ஏறிற்று.

கேணல் நீதிமன்றம் சென்றார். 1897 மார்ச்சில் வழக்கு விசாரணைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை வழக்கு நடத்திய குடும்பங்களுக்கு இதன் போக்கை விளக்க வேண்டியதில்லை. பொதுமக்கள் அவ்வழியை உரிமையோடு ஆண்டார்களா, உடையவர் தயவினால் நடந்தார்களா என்பதே வினா. இளமையில் அவ்வழியே தடையின்றிப் போய்வந்த முதியோர் பலர் வந்து சாட்சியம் கூறினர். தீர்ப்போ கேணலுக்குச் சார்பாயிற்று. பாட்டிங்ரன் முதலானோர் செலவுத்தொகையும் செலுத்த நேர்ந்தது. எழுத்தில்லாத உரிமையை எழுத்தை நம்பும் மன்றில் நாட்டுவது எந்த நாட்டிலும் கடினமே. கேணல் சட்டப்படியே நடந்தார் என்பதையும் மறுக்க இயலாது. அச்சட்டத்தை ஆக்கிய பாராளுமன்றத்தில் நெடுங்காலம் யார் வீற்றிருந்தனர் என்று கேட்பதே பொருத்தமான கேள்வி என்பேன்.

போல்ற்றன் நடையை நாடு விரைவில் மறந்தது. 1932 ஏப்பிரில் 24இற் கின்டர் மேட்டில் பெனி றொத்மன் என்னும் 20 வயது இளைஞர் முன்னின்று நடத்திய ஊடுருவலே பெரும்புகழ் பெற்றது. எண்ணிக்கையிற் பார்த்தால் அது சில நூறு பேரே. ஆனால் ஐவர் சிறை சென்றனர். சிறைக்கு அனுப்பியதே அதனை நாடறியச் செய்தது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இற் கின்டர் அடங்கிய பீக் மாவட்டம் முதற் பூங்காவாயிற்று. மேட்டுநிலங்களிற் காலாற நடக்கும் பொதுவுரிமையோ 2000ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது.

போல்ற்றன் மக்கள் கேட்ட வழி, நடை நிகழ்ந்து நூறாண்டு நிறைந்த 1996இற் பொதுவழியாக முறைப்படி ஏற்கப்பட்டது. படலை நின்ற இடத்தருகே இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதனைக் கடந்து, ஹெதர் பூத்த மேட்டினூடே, ஞாயிறுதோறும் மக்கள் மலையேறிப் போகின்றனர்.