ஆட்சிக்குறி (சீனப் பீங்கான்)

ஆட்சிக்குறி என்பது, ஒரு சீனப் பீங்கான் கலம் எந்தப் பேரரசரின் ஆட்சியில் ஆக்கப்பட்டது என்பதைக் குறிப்பதற்காக அதன் அடியில் எழுதப்படும் அல்லது பொறிக்கப்படும் எழுத்துத் தொடர் ஆகும். மிங் (1368–1644), சிங் (1644–1912) அரசமரபுகளின் காலத்தில், ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்தெசென் நகரிலிருந்த அரச சூளைகளில் இது வழக்கத்துக்கு வந்தது. சீனக் கலைப்பொருட்களைச் சேகரிப்போர் ஒரு கலத்தைத் திருப்பிப் பார்ப்பது பெரும்பாலும் இக்குறிக்காகவே. எனினும், முற்காலக் குறிகளைப் பிற்காலத்தவரும் பரவலாக எழுதியுள்ளதால், குறியை மட்டும் கொண்டு ஒரு கலத்தின் காலத்தைத் தீர்மானிக்க முடியாது.

அமைப்பு

ஆட்சிக்குறியில் இடம்பெறுவது பேரரசரின் இயற்பெயர் அன்று. அவரது ஆட்சிக்கெனச் சூட்டப்பட்ட பெயராகும். புதிய ஆட்சிப்பெயர் பொதுவாக, முன்னவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்டது. 1425 இல் அரியணை ஏறிய பேரரசரின் சுவான்தே ஆட்சி 1426 இல் தொடங்குவதாகக் கொள்ளப்படுவது இதனாலாகும்.

முழுமையான குறி ஆறு எழுத்துகளைக் கொண்டது. இவை பெரும்பாலும் இரண்டு நிரல்களில் மும்மூன்றாக எழுதப்பட்டிருக்கும். மேலிருந்து கீழாகவும், வலப்புற நிரலில் தொடங்கி இடப்புறமாகவும் வாசிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "தா மிங் சுவான் தே நியான் சி" என்பது "பெரும் மிங் மரபின் சுவான்தே ஆண்டுகளில் ஆக்கப்பட்டது" எனப் பொருள்படும். நான்கெழுத்துக் குறியில் அரசமரபைச் சுட்டும் முதல் இரண்டு எழுத்துகள் இரா. எழுத்து வடிவம் இரு வகைப்படும். ஒன்று நாள்தோறும் பயன்படும் சீரெழுத்து. மற்றொன்று முத்திரைகளில் காணப்படும் பழைய முத்திரை எழுத்து.

வரலாறு

யொங்லே ஆட்சியைச் (1403–1424) சேர்ந்த சில கலங்களில் முத்திரை எழுத்தில் அமைந்த குறிகள் உள்ளன. சுவான்தே ஆட்சியில் (1426–1435) குறியிடுதல் பரவலாயிற்று. அடுத்து வந்த 1436–1464 காலப்பகுதியைச் சேர்ந்த, குறியிட்ட அரச சூளைக் கலங்கள் மிக அரிதானவை. செங்குவா ஆட்சியில் (1465–1487) இவ்வழக்கம் மீண்டும் நிலைபெற்றது.

காங்சி ஆட்சியின்போது, 1677 அளவில், ஜிங்தெசென்னின் அதிகாரி ஒருவர் பீங்கானில் பேரரசரின் ஆட்சிப்பெயரை எழுதுவதற்குத் தடை விதித்தார். கலம் உடைந்து குப்பையில் வீசப்பட்டால், அப்பெயர் இழிவுபடும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. அக்காலக் கலங்கள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ, இலை, தாமரை போன்ற உருவமோ மட்டும் காணப்படுகின்றது. யோங்செங் ஆட்சியில் (1723–1735) சீரெழுத்தும், சியான்லொங் ஆட்சியில் (1736–1795) முத்திரை எழுத்தும் மிகுதியாகப் பயன்பட்டன.

பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிகள்

முற்கால ஆட்சிக்குறியை எழுதியோர் அனைவரும் ஏமாற்றும் நோக்கம் கொண்டவர்கள் அல்லர். காங்சி காலக் குயவர்கள் சுவான்தே, செங்குவா குறிகளை எழுதியதற்கு முன்னோரின் கலை மீதிருந்த மதிப்பும் ஒரு காரணமாகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காங்சி குறியே இவ்வாறு பலவாறாக எழுதப்பட்டது. யுவான் சிக்காய் 1916 இல் ஏறத்தாழ மூன்று மாதங்களே பயன்படுத்திய ஹொங்சியான் என்னும் ஆட்சிப்பெயரைத் தாங்கிய கலங்களுள் பெரும்பாலானவை அதன் பின்னர் செய்யப்பட்டவையாகும்.

இதன் விளைவு விலையிலும் தெரியும். சுமார் 8 செ.மீ. விட்டமுள்ள, சேவலும் கோழியும் குஞ்சுகளும் தீட்டப்பட்ட செங்குவா காலக் கிண்ணம் ஒன்று 2014 இல் ஆங்காங் ஏலத்தில் 28 கோடி ஆங்காங் டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது. இக்கிண்ணத்தைப் பார்த்து, செங்குவா குறியுடனேயே செய்யப்பட்ட படிகள் 18 ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளன.

காலத்தை உறுதிசெய்தல்

குறி கூறுவதைக் கலத்தின் ஏனைய கூறுகளும் கூறுகின்றனவா என்று பார்ப்பதே ஆய்வாளர் முறையாகும். வடிவம், எடை, மண்ணின் தன்மை, அடிவளையம் சீவப்பட்டுள்ள விதம், மெருகுப் பூச்சு, தூரிகைக் கோடு ஆகியவை கவனிக்கப்படுகின்றன. சுவான்தே கலங்களில் கோபால்ட்டு நீலம் ஆங்காங்கே இயல்பாகத் திரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். 18 ஆம் நூற்றாண்டில் இதைப் பின்பற்றியவர்கள் அப்புள்ளிகளைத் தூரிகையால் வேண்டுமென்றே இட்டனர். அவை ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பது உற்று நோக்கினால் புலப்படும்.

அரண்மனைக்கு ஏற்றவையல்ல என ஒதுக்கப்பட்ட கலங்கள் சூளை வளாகத்திலேயே உடைத்துப் புதைக்கப்பட்டன. 1980களில் ஜிங்தெசென்னில் நடந்த அகழாய்வுகளில் இவற்றின் துண்டுகள் காலவாரியான அடுக்குகளில் கிடைத்தன. ஐயத்துக்குரிய கலங்களை ஒப்பிட இவை நம்பகமான சான்றாக உள்ளன. வெப்ப ஒளிர்வுச் சோதனை, கலம் கடைசியாகச் சூளையில் சுடப்பட்ட காலத்தை அண்ணளவாகக் காட்டும். ஆனால், பழைய கலத்தின் அடிப்பகுதியைப் புதிய உடலுடன் ஒட்டியும், செயற்கைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியும் இச்சோதனையை ஏமாற்ற முடியும்.

டேவிட் குவளைகள்

கலத்தின் எழுத்தைக் கண்மூடி நம்புவது போலவே, அதைப் பொருட்படுத்தாது விடுவதும் தவறாகலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் குவளைகள் இதற்குச் சான்று. யானைத் தலை வடிவக் கைபிடிகளைக் கொண்ட இவ்விரு நீல-வெள்ளைக் குவளைகளின் கழுத்தில், 1351 இல் ஒரு தாவோயியக் கோயிலுக்கு அளிக்கப்பட்டவை என எழுதப்பட்டுள்ளது. இவற்றைச் சேகரிப்பாளர் பேர்சிவல் டேவிட் தனித்தனியாக வாங்கி ஒன்றுசேர்த்தார். மிங் காலத்துக்கு முன்னர் இத்துணைத் தேர்ச்சியான நீல-வெள்ளைப் பீங்கான் இருந்திராது என அப்போது பலரும் கருதினர். 1929 இல் ஆர். எல். ஹொப்சன் இவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதியபோதும் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1950களில் ஜோன் அலெக்சாண்டர் போப், இக்குவளைகளை அளவுகோலாகக் கொண்டு இசுதான்புல், அர்தபில் ஆகிய இடங்களின் தொகுப்புகளை ஆராய்ந்தார். அவற்றிலிருந்த பல கலங்கள் 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என அவர் இனங்கண்டார். அதன் பின்னரே யுவான் காலத்து நீல-வெள்ளைப் பீங்கான் ஒரு தனிப் பிரிவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.