எதிரே வரும் காருக்குக் கழித்தல் குறி

கணக்கு: “புதுமடத்திலிருந்து உச்சிப்புளி நோக்கி, மீனும் ஐஸும் ஏற்றிய மினி லாரி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறது, சரக்கோடு அதன் நிறை 3,000 கிலோ. எதிரே, ஓட்டுநரோடு 750 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வருகிறது. இரண்டின் மொத்த உந்தம் எவ்வளவு?”

புதுமடத்திலிருந்து உச்சிப்புளி நோக்கி: கணக்கில் பாதி இங்கேயே இருக்கிறது. புதுமடம் மன்னார் வளைகுடாக் கரை. உச்சிப்புளி உள்ளே தள்ளி, ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில். லாரி கடலைவிட்டு விலகிப் போகிறது. அந்தத் திசையை நேர்க்குறி என்று வைப்போம். காரின் திசைக்கு அதைக் கொடுத்தாலும் தப்பில்லை; நடுவில் மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

சரக்கோடு: உந்தம் என்பது நிறை × திசைவேகம். பெட்டியில் அடுக்கிய மீனும் உடைத்துப் போட்ட ஐஸும் லாரியின் வேகத்திலேயே ஓடுகின்றன. அவற்றின் நிறையும் கணக்கில் வரும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரிக்கு அதே வேகத்தில் உந்தம் குறைவு.

மணிக்கு 36 கி.மீ.: 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு 10 மீட்டர். காருக்கு 15. லாரியின் உந்தம் 3,000 × 10 = 30,000 கிகி மீ/வி.

எதிரே: மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம். காரின் திசைவேகம் −15; உந்தம் −11,250. குறியை மறந்து கூட்டினால் 41,250 வரும். இப்படித் திசையை விட்டுக் கணக்கிட்டவர் சாமானியர் அல்லர். 1644-இல் தெக்கார்த்தே பருமனை வேகத்தால் பெருக்கியதோடு நின்றார். அவர் வகுத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை பொய்த்தன. ஹைகன்ஸ் அவற்றைத் திருத்தினார். நியூட்டன் 1687-இல் ‘பிரின்சிப்பியா’வில் முடிவாக எழுதினார்: ஒரே திசை என்றால் கூட்டு, எதிர்த்திசை என்றால் கழி.

மொத்த உந்தம் எவ்வளவு?: 30,000 − 11,250 = 18,750 கிகி மீ/வி, உச்சிப்புளி திசையில். திசை சொல்லாத விடைக்குப் பாதி மதிப்புதான்.

இந்த எண்ணால் என்ன பயன்? இரண்டும் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டன என்று வைப்போம். மோதும் அந்தக் கணத்தில் சாலையின் உராய்வைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மொத்த உந்தம் மாறாது. 18,750-ஐ 3,750 கிலோவால் வகுத்தால் 5. கார் வந்த வழியே, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், பின்னோக்கித் தள்ளப்படும்.

இருவருக்கும் உந்த மாற்றம் சமம்: ஆளுக்கு 15,000. ஆனால் லாரியின் திசைவேகம் 10-லிருந்து 5 ஆகிறது, மாற்றம் 5. காருக்கு −15-லிருந்து +5, மாற்றம் 20. நிறை நான்கில் ஒன்று, அதிர்ச்சி நான்கு மடங்கு. லாரியோடு மோதிய காரில் இருந்தவருக்கே பலத்த அடி ஏன் என்பதற்கு விடை, யார் மீது தப்பு என்பதில் இல்லை. உந்த மாற்றத்தை நிறையால் வகுப்பதில் இருக்கிறது.