டிராக்டரின் பின்தண்டு
சக்தி எடுப்பின் வகைகளும் அவை வளர்ந்த வரலாறும்

டிராக்டர் என்றவுடன் கலப்பையை இழுத்துச் செல்லும் காட்சியே பலர் மனத்தில் எழும். இழுத்தல் அதன் வேலைகளுள் ஒன்றே. அதுவே முழு வேலையன்று. பழைய சிறு டிராக்டர் ஒன்றின் பின்புறத்தை உற்று நோக்கினால், இரு பெருஞ் சக்கரங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டப்பட்ட குட்டையான இரும்புத் தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். எஞ்சினில் பிறக்கும் சக்தியைச் சக்கரத்தின் வழியே அல்லாமல் நேரே கருவிக்குக் கொடுப்பதே அதன் பணி. ஆங்கிலத்தில் ‘பவர் டேக்-ஆஃப்’ என்றும், சுருக்கமாகப் பி.டி.ஓ. என்றும் வழங்கும் அதனைத் தமிழில் சக்தி எடுப்புத் தண்டு எனலாம். புல் வெட்டும் பொறி, வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பொறி, நீர் இறைக்கும் பம்பு ஆகிய யாவும் இத்தண்டோடு பிணைக்கப்பட்டே இயங்குகின்றன.

இத்தண்டு எப்பொழுது சுழல வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்ற ஒரே வினாவுக்கு விடை காண முயன்றதே இதன் வரலாறு. அவ்விடை சரியாக அமையாத இடங்களில் பயிர் கெட்டது, கருவி முறிந்தது, சில வேளைகளில் மனிதர் கையும் உயிரும் போயின.

சக்கரத்தை நம்பிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோதுமை அறுவடைக்கு, கதிரை அறுத்துக் கயிற்றால் கட்டாகக் கட்டும் பொறி பரவியது. அதனைக் குதிரைகள் இழுத்தன. கத்தியை ஆட்டும் சக்தியும், கட்டுக் கட்டும் சக்தியும் அப்பொறியின் அடியில் நிலத்தில் உருளும் பெரிய சக்கரத்திலிருந்தே கிடைத்தன. சக்கரம் உருண்டால் கத்தி ஆடும். சக்கரம் வழுக்கினால் கத்தி நின்றுவிடும்.

காய்ந்த நிலத்தில் இதனால் தொல்லை இல்லை. மழை பெய்து சேறானபோதோ, சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே சென்றது. முற்றிய கதிர் வயலில் நிற்க, அறுக்கும் பொறி அதன் நடுவே வாளா நின்றது. குதிரைகளுக்குப் பதிலாக டிராக்டரைப் பூட்டிய பின்னரும் இக்குறை நீங்கவில்லை. முன்னே வலிமை மிக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும், பின்னே உள்ள கருவி தன் சொந்தச் சக்கரத்தையே நம்பிக் கிடந்தது.

எஞ்சினின் சக்தியை எடுக்க அக்காலத்தில் வேறு வழி ஒன்றும் இருந்தது. பட்டைச் சக்கரத்தில் நீண்ட பட்டையை மாட்டிக் கதிரடிக்கும் பொறியை ஓட்டினர். ஆயினும் டிராக்டரும் கதிரடிக்கும் பொறியும் ஓரிடத்தில் அசையாது நின்றால்தான் பட்டை ஓடும். வயலில் நகர்ந்துகொண்டே செய்யும் வேலைக்கு அது பயன்படவில்லை.

பிரான்சில் கண்டதும் அமெரிக்காவில் விளைந்ததும்

பிரான்சு நாட்டில் எந்திர வேலையில் தேர்ந்த அல்பேர் கூஜி என்பார், 1906ஆம் ஆண்டளவில், தாமே அமைத்த டிராக்டர் ஒன்றிலிருந்து தண்டு ஒன்றைப் பின்னே செலுத்தி, அறுத்துக் கட்டும் பொறியை நேரே எஞ்சினால் இயக்கிக் காட்டினார். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியியலாளர் எட்வர்ட் ஜான்ஸ்டன் அதனைக் கண்டு வியந்தார். அக்கருத்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் பலன் தந்தது. 1918இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ‘8-16’ என்னும் டிராக்டரில் சக்தி எடுப்புத் தண்டு இடம் பெற்றது. அதனோடு இயங்குவதற்கென்றே கருவிகளும் செய்யப்பட்டன.

‘8-16’ என்ற பெயரே ஒரு பாடம். முதல் எண் இழுவைக்குக் கிடைக்கும் குதிரைத் திறனைக் குறிக்கும். இரண்டாம் எண் பட்டைச் சக்கரத்தில் கிடைக்கும் திறனைக் குறிக்கும். எஞ்சின் ஒன்றே, ஆனால் இழுக்கும்போது கிடைப்பது பாதி என்றே கணக்கிட்டனர். மீதி, பற்சக்கரங்களின் உராய்விலும், நிலத்தில் சக்கரம் புதைவதிலும் வழுக்குவதிலும் கழிந்துபோகும். நிலத்தைத் தொடாமல் சக்தியை எடுத்துக் கொடுக்கும் தண்டின் சிறப்பு இதனால் விளங்கும்.

ஒரே அளவு, ஒரே திசை

புதிய வசதியோடு புதிய குழப்பமும் வந்தது. ஒரு நிறுவனத்தின் தண்டு ஒரு வேகத்தில் சுழன்றது. மற்றதன் தண்டு வேறு வேகத்தில் சுழன்றது. ஒருவரிடம் வாங்கிய கருவி மற்றொருவரின் டிராக்டருக்குப் பொருந்தவில்லை. உழவன் ஒரே நிறுவனத்திற்குக் கட்டுப்பட்டவனாக இருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற அமெரிக்க வேளாண் பொறியியலாளர் கழகம் 1920களின் நடுப்பகுதியில் பொது நெறி ஒன்றை வகுத்தது. தண்டு நிமிடத்திற்கு 536 சுற்றுச் சுழல வேண்டும். பத்துச் சுற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். டிராக்டரின் பின்னே நின்று நோக்குபவருக்கு அது கடிகார முள்ளின் திசையில் சுழல வேண்டும். பின்னர் இவ்வேகம் 540 என நிலைபெற்றது. தண்டின் குறுக்களவு 1⅜ அங்குலம், பற்கள் ஆறு என்பதும் பரவலாக ஏற்கப்பட்டது.

நெறி வகுத்தவுடன் எல்லாரும் அதன்படி நடந்துவிடவில்லை. 1939இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரிலும், தொடக்க கால ஃபெர்கூசன் டிராக்டர்களிலும் தண்டின் குறுக்களவு 1⅛ அங்குலமே. இத்தகைய டிராக்டர்களில் பிற்காலக் கருவிகளைப் பூட்ட, தண்டின்மேல் ஓர் உறையை மாட்டிப் பருமனாக்க வேண்டும். 1947இல் வந்த ஃபார்மால் கப் என்னும் மிகச் சிறிய டிராக்டரின் தண்டோ, எஞ்சினின் வேகத்திலேயே, நெறிக்கு எதிரான திசையில் சுழன்றது. பொதுவான புல்வெட்டியை அதில் மாட்டினால், அது ஏறத்தாழ மும்மடங்கு வேகத்தில் தலைகீழாகச் சுழலும்.

முதல் வகை: கியரைச் சார்ந்த தண்டு

தொடக்க காலத்துத் தண்டுகள் பெரும்பாலும் கியர்ப்பெட்டியிலிருந்து சக்தியைப் பெற்றன. ஓட்டுநர் கிளச்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறும். அப்பொழுது டிராக்டர் நிற்கும். தண்டும் உடன் நிற்கும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஃபெர்கூசன் டிஇ20 டிராக்டரும் இவ்வகையினதே.

இதன் குறை வயலில்தான் வெளிப்பட்டது. வைக்கோல் கட்டும் பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது வைக்கோல் திரளாகக் குவிந்த இடம் வருகிறது. ஓட்டுநர் சற்றே நின்று, உள்ளே போனதைப் பொறி விழுங்கும்வரை காத்திருக்க விரும்புகிறார். கிளச்சை மிதித்தால் பொறியும் நின்றுவிடும். மிதிக்காவிடில் மேலும் வைக்கோல் சென்று அடைத்துக்கொள்ளும். இரண்டிலும் துன்பமே. அடைத்ததை இறங்கிச் சென்று கையால் பிடுங்க வேண்டும். அவ்வாறு பிடுங்கப் போன கைகளுள் சில முழுதாகத் திரும்பவில்லை.

மற்றொரு குறை இதனினும் வியப்பானது. கனமான இரும்புத் தகடுகள் சுழலும் புல்வெட்டியை இவ்வகைத் தண்டில் மாட்டினால், கிளச்சை மிதித்த பின்னும் அத்தகடுகள் தம் உந்துவேகத்தால் சுழன்றுகொண்டே இருக்கும். அச்சுழற்சி தண்டின் வழியே கியர்ப்பெட்டிக்குள் திரும்பிப் புகுந்து டிராக்டரின் சக்கரங்களை முன்னே தள்ளும். வாய்க்கால் ஓரத்தில் நிறுத்த எண்ணி மிதித்தவர், டிராக்டர் நில்லாமல் மேலே செல்வதைக் கண்டு திகைப்பார். இதற்கு மருந்தாக ஒருவழிப் பிணைப்பு ஒன்றைத் தண்டின் முனையில் மாட்டுவர். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தடையின்றி உருள்கிறதன்றோ? அதே முறைதான் இது. சக்தி டிராக்டரிலிருந்து கருவிக்குச் செல்லும். கருவியிலிருந்து திரும்பி வராது.

இரண்டாம் வகை: உயிருள்ள தண்டு

1946இல் கனடாவின் பிரான்ட்ஃபர்டு நகரைச் சேர்ந்த காக்ஷட் நிறுவனம், தன் ‘30’ என்னும் டிராக்டரில், சக்கரங்கள் நின்றாலும் தொடர்ந்து சுழலும் தண்டை அமைத்தது. இதனை ‘உயிருள்ள’ தண்டு என்றே அழைத்தனர். உழவர் அதன் அருமையை உடனே உணர்ந்தனர். ஏனைய நிறுவனங்களும் அவ்வழியில் செல்லத் தொடங்கின.

சிறு டிராக்டர்களில் இவ்வசதியைத் தருவதற்கு இரு நிலைக் கிளச் என்னும் எளிய முறை கையாளப்பட்டது. 1950களின் நடுவில் வந்த ஃபெர்கூசன் 35 டிராக்டரின் உயர்ந்த வகையில் இதனைக் காணலாம். கிளச் மிதி ஒன்றே. அதற்குள் தட்டுகள் இரண்டு. பாதி மிதித்தால் சக்கரங்கள் மட்டும் நிற்கும். முழுதும் மிதித்தால் தண்டும் நிற்கும். வைக்கோல் திரண்ட இடத்தில் ஓட்டுநர் பாதி மிதித்துக் காத்திருந்தால் போதும். பொறி தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

மாஸி ஃபெர்கூசன் டிராக்டர்கள் தமிழகத்திலும் வேரூன்றின. அந்நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது.

மூன்றாம் வகை: தன்னுரிமைத் தண்டு

இரு நிலைக் கிளச்சிலும் ஒரு கட்டு எஞ்சியிருந்தது. தண்டை நிறுத்த வேண்டுமானால் மிதியை அடிவரை அழுத்த வேண்டும். அப்பொழுது சக்கரங்களும் நின்றே தீரும். ஓடும்போதே தண்டை மட்டும் நிறுத்தவோ தொடங்கவோ இயலாது. இக்கட்டை அறுத்ததே மூன்றாம் வகை. தண்டுக்கெனத் தனிக் கிளச்சும் தனிக் கைப்பிடியும் இதில் அமைந்தன. சக்கரம் தண்டைக் கேட்பதில்லை. தண்டும் சக்கரத்தைக் கேட்பதில்லை. 1918இல் இவ்வரலாற்றைச் சந்தைக்குக் கொணர்ந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனமே 1954இல் தன் சூப்பர் எம்-டிஏ டிராக்டரில் இவ்வகைத் தண்டை அளித்தது.

இவை மூன்றன்றி, பக்க வகை ஒன்றும் உண்டு. ஃபெர்கூசன் 35 போன்றவற்றில் ஒரு கைப்பிடியை மாற்றினால், தண்டு எஞ்சின் வேகத்தை விட்டுச் சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றும். டிராக்டர் விரைந்தால் தண்டும் விரையும். பின்வாங்கினால் தண்டும் எதிர்த்திசையில் சுழலும். இத்தனை அடிக்கு இத்தனை விதை என்று சீராக விதைக்க வேண்டிய வேலைக்கு இதுவே ஏற்றது. சேற்றில் வழுக்கிய சக்கரத்தைக் கைவிட்டு வளர்ந்த கலை, தேவையான இடத்தில் அச்சக்கரத்தின் கணக்கையே மீண்டும் ஏற்றுக்கொண்டது.

1958இல் அமெரிக்கக் கழகம் நிமிடத்திற்கு 1,000 சுற்று என்னும் இரண்டாம் நெறியையும் ஏற்றது. ஒரே முறுக்குவிசையில் தண்டு வேகமாகச் சுழன்றால் மிகுந்த திறனைக் கொண்டு செல்லும். பெரிய டிராக்டர்களுக்கு அது வேண்டியிருந்தது. இத்தண்டின் குறுக்களவு 1⅜ அங்குலமே. ஆனால் பற்கள் ஆறுக்குப் பதில் 21. ஆகவே 540 சுற்றுக்கு உரிய கருவியை யாரேனும் மறதியால் இதில் மாட்ட முயன்றால், அது நுழையவே நுழையாது. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே எண்ணி வகுத்த ஏற்பாடு இது.

தண்டு கொண்ட பலி

நிமிடத்திற்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. 1⅜ அங்குலத் தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஆகவே தண்டில் சிக்கிய துணி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வீதம் சுருட்டப்படும். எட்டு முழ வேட்டி ஒன்று நான்கு நொடிக்குள் முழுதும் சுற்றப்பட்டுவிடும். கருவிக்குச் செல்லும் இணைப்புத் தண்டு இதனினும் பருமனானது. ஆகவே அதில் சிக்கியது இன்னும் விரைவாகச் சுருளும். சிக்கியவர் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கிளச் எவ்வகையாயினும் அவ்வேளையில் பயனில்லை. கைப்பிடி டிராக்டரின் இருக்கை அருகே இருக்கிறது, சிக்கியவரோ பின்னே இருக்கிறார்.

ஆதலால், தண்டின்மேல் மூடும் காப்புறை, மூவகை அமைப்புக்கும் பொதுவான இன்றியமையாத உறுப்பாயிற்று. பிரிட்டனில் 1956இல் வேளாண் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் வழியே 1957இல் சக்தி எடுப்புத் தண்டுக்கென்றே தனி விதிகள் இயற்றப்பட்டுக் காப்புறை கட்டாயமாக்கப்பட்டது. கூஜியின் முயற்சிக்கும் இவ்விதிகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. சக்தியைக் கொடுக்கும் வழியைக் கண்டவர்கள் விரைந்து கண்டனர். அதனிடமிருந்து மனிதனைக் காக்கும் வழியைச் சட்டமாக்கத்தான் அத்தனை காலம் சென்றது.

பழைய டிராக்டரை அறியும் முறை

பழைய சிறு டிராக்டர்கள் பல இன்றும் வேலை செய்கின்றன. 540 சுற்று என்ற நெறி இன்றும் வழக்கில் இருப்பதால், அவை புதிய கருவிகள் பலவற்றோடும் பொருந்துகின்றன. அத்தகைய டிராக்டரைப் பெறுபவர் அதன் வகையைப் பெயர்ப் பலகையில் தேட வேண்டுவதில்லை. கருவி எதையும் பூட்டாமல், திறந்த இடத்தில், தண்டைச் சுழலவிட்டு மெல்ல ஓட்டிச் சென்று, கிளச்சைச் சிறிது சிறிதாக மிதித்தால் போதும். சக்கரமும் தண்டும் ஒருங்கே விடுபட்டால் முதல் வகை. பாதியில் டிராக்டர் நின்று, அடிவரை மிதித்த பின்னரே தண்டு விடுபட்டால் இரு நிலைக் கிளச். முழுதும் மிதித்தும் தண்டு சுழன்றுகொண்டிருந்து, தனிக் கைப்பிடியால் மட்டும் நின்றால் தன்னுரிமைத் தண்டு. முதல் வகையாயின், சுழலும் புல்வெட்டியைப் பூட்டுமுன் ஒருவழிப் பிணைப்பை மாட்டுதல் வேண்டும்.

இச்சோதனையின்போது தண்டின் பின்னே ஒருவரும் நிற்றலாகாது. ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்குமுன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மசகெண்ணெய் இடுவதற்காகக் கழற்றிய காப்புறை பல பண்ணைகளில் திரும்ப மாட்டப்படாமல் மூலையில் கிடக்கும். பழைய டிராக்டரை வாங்குபவர் விலை பேசுமுன் அவ்வுறை எங்கே என்று கேட்பது நலம்.